க்ளையோமா (மூளைக் கட்டி) செக் ஃபைல் (.seg) கைல இருக்கு, கோடிங் தெரியாது. வெப்லயே பாக்க வழி இருக்கா? சிடிகேஎன்2ஏ ஜீன் டீப் டெலீஷன்னு (ரெண்டு காப்பியும் போச்சுன்னு) எப்படி சொல்றது?

செல்_தேடி:

வணக்கம் மக்களே. பிஎச்டி மொத வருஷம், பேஸிக்கா நான் வெட் லேப் ஆளு, பைப்பெட் புடிக்கத் தெரியும், ஆர் பைத்தான் ரெண்டும் தெரியாது. எங்க லேப்ல க்ளையோமா சாம்பிள் நாப்பது சொச்சம் லோ-பாஸ் (கம்மி ஆழத்துல மேலோட்டமா படிக்கற) ஹோல் ஜீனோம் சீக்வென்சிங்குக்கு வெளில குடுத்திருந்தாங்க, இப்ப ஒரு பிடிஎஃப் ரிப்போர்ட்டும் எல்லா சாம்பிளுக்கும் செக் ஃபைலும் வந்திருக்கு. செக் ஃபைல தொறந்தா சாம்பிள் பேரு, குரோமோசோம், ஆரம்பம், முடிவு, எத்தன பின் (ஜீனோம பிரிச்ச சின்ன துண்டு), கடைசில செக் மீன்னு ஒரு நம்பர், அவ்ளோதான். எக்செல்ல ஸ்க்ரோல் பண்ணி பண்ணி கண்ணு பூத்துப் போச்சு.

என் டவுட் ரெண்டு. ஒண்ணு, சாதா விண்டோஸ் லேப்டாப் 8 ஜிபி ராம்தான், இன்ஸ்டால் கின்ஸ்டால் இல்லாம ப்ரௌசர்லயே குரோமோசோம் வாரியா கெயின் (காப்பி கூடுனது) லாஸ் (கொறஞ்சது) பாக்கற மாதிரி ஏதாவது இருக்கா? சிபயோபோர்ட்டல்ங்கற கேன்சர் டேட்டா சைட்ல ட்ரை பண்ணேன், மத்தவங்க டேட்டா சூப்பரா காட்டுது, என் ஃபைல அப்லோட் பண்ண பட்டனே காணோம்.

ரெண்டாவதுதான் முக்கியம். சிடிகேஎன்2ஏ இடத்துல ஒரு சாம்பிள்ல -1.3 இருக்கு, இன்னொண்ணுல -0.45 இருக்கு. சிபயோபோர்ட்டல்ல டிசிஜிஏங்கற பொது கேன்சர் ப்ராஜெக்டோட க்ளையோபிளாஸ்டோமா (க்ளையோமால ரொம்ப மோசமான வகை) பாத்தா பாதிக்கு மேல டீப் டெலீஷன்னு நீலமா காட்டுது. என் -0.45 டீப்பா, ஷாலோவா (ஒரு காப்பி மட்டும் போனதா)? கைட் கேட்டா "ரெண்டு காப்பியும் போச்சா ஒண்ணு போச்சான்னு சொல்லு, டபிள்யூஹெச்ஓ க்ரேடுக்கு அதுதான் வேணும்"ங்கறாரு. எந்த நம்பர்ல கோடு போடணும்?

---

சர்வர்ரூம்:

மொத டவுட்டுக்கு நான் சொல்றேன், ரெண்டாவதுக்கு லாக்ரேஷியோ அண்ணன் வருவாரு, அவருக்கு இந்த டாபிக்னா சோறு தண்ணி வேணாம்.

சிபயோபோர்ட்டல் பொது சைட்ல உங்க முழு டேட்டாவ ஏத்த முடியாதுங்க, அது ஏற்கனவே பப்ளிஷ் ஆன ஸ்டடிகள பாக்கறதுக்கு. சொந்த டேட்டா வேணும்னா டாக்கர்ங்கற சாஃப்ட்வேர் போட்டு உங்க இன்ஸ்டிட்யூட் சர்வர்ல தனியா நிறுத்தணும், 8 ஜிபி லேப்டாப்புல அத நெனச்சுக்கூட பாக்காதீங்க. ஆன்கோபிரிண்டர்னு ஒரு குட்டி டூல் அதே சைட்ல இருக்கு, சாம்பிள் பேரு ஜீன் பேரு மாற்றத்தோட வகைன்னு பேஸ்ட் பண்ணா பேப்பர்ல வர்ற அந்த பெட்டி பெட்டி படத்த வரஞ்சு தரும். ஆனா எது டீப் எது ஷாலோன்னு நீங்கதான் முடிவு பண்ணி குடுக்கணும், அது கணக்கு போடாது.

உங்களுக்கு இப்ப உடனே வேண்டியது ஐஜிவி வெப். பிராட் இன்ஸ்டிட்யூட்ல ஆரம்பிச்ச ஐஜிவிங்கற ஜீனோம் பாக்கற டூலோட ப்ரௌசர் வெர்ஷன். ஜீனோம் மெனுல ஹெச்ஜி38 அல்லது ஹெச்ஜி19 (மனுஷ ஜீனோம் வரைபடத்தோட ரெண்டு வெர்ஷன்), உங்க ஃபைல் எதுவோ அத தேர்ந்தெடுங்க, ட்ராக்ஸ்ல லோக்கல் ஃபைல்னு குடுத்து செக் ஃபைல தூக்கி போடுங்க, ஒரு சாம்பிளுக்கு ஒரு வரி, சிவப்பு கெயின், நீலம் லாஸ், வெளுப்பா இருந்தா மாற்றம் இல்ல. நாப்பது ஃபைலையும் ஒரே ஃபைலா ஒட்டிட்டீங்கன்னா (தலைப்பு வரி ஒரு தடவ மட்டும்) மொத்தமும் ஒரே ஸ்க்ரீன்ல அடுக்கா வரும். லோக்கல் ஃபைல் உங்க ப்ரௌசருக்குள்ளயே படிக்கப்படுது, யார் சர்வருக்கும் போறதில்ல. பேஷண்ட் சாம்பிள்ங்கறதால இத அழுத்திச் சொல்றேன். ஏன்னா நெறய பேரு கண்ட சைட்ல அப்லோட் பண்றத பாத்திருக்கேன், சாம்பிள் ஐடி காலம்ல ஆஸ்பத்திரி இன்பேஷண்ட் நம்பர் அப்படியே இருக்கு, சிலதுல பேஷண்ட் பேரே இருக்கு. அப்லோட் வகை டூல் எதுவா இருந்தாலும் அந்த காலத்த மொதல்ல மாத்துங்க, எத்திக்ஸ் கமிட்டிகிட்ட வெளி சர்வருக்கு டேட்டா போகும்னு எழுதி குடுத்தீங்களான்னும் பாருங்க.

டிசிஜிஏ கூட பக்கத்துல வச்சு பாக்கணும்னா யூசிஎஸ்சி ஸீனா. அதுல லோக்கல் ஹப்னு ஒண்ணு உங்க மெஷின்ல ஓடும், உங்க டேட்டா உங்ககிட்டயே இருக்கும், ப்ரௌசர்ல மட்டும் பொது டேட்டாவும் உங்களதும் ஒண்ணா தெரியும். கொஞ்சம் இன்ஸ்டால் வேலை இருக்கு, ஆனா கோடிங் இல்ல.

இன்னொண்ணு, செக் ஃபைல் எந்த ஜீனோம் வெர்ஷன்னு ரிப்போர்ட்ல பாத்தீங்களா? சிடிகேஎன்2ஏ வச்சு செக் பண்ணி "சரியாதான் விழுது"ன்னு இருந்துடாதீங்க. அந்த இடம் ஹெச்ஜி19லயும் ஹெச்ஜி38லயும் கிட்டத்தட்ட ஒரே எண்தான், குரோமோசோம் 9ல 2 கோடியே 19 லட்சம் சொச்சம், வித்தியாசமே தெரியாது. பிடென் ஜீன பாருங்க, ஹெச்ஜி19ல 89,623,195ல ஆரம்பிக்குது, ஹெச்ஜி38ல 87,863,113. பதினேழு லட்சம் பேஸுக்கு மேல தள்ளிப் போகும். இஜிஎஃப்ஆர் ஜீன் அவ்ளோ இல்ல, அறுபத்தேழாயிரம் சொச்சம் தள்ளும். குட்டியா ஃபோகல் ஆம்ப்ளிஃபிகேஷன் (சின்ன இடத்துல மட்டும் காப்பி ரொம்ப பெருகறது) இருந்தா அதுவே போதும் பக்கத்து ஜீன் மேல உக்கார.

---

காபி_பைத்தியம்:

ஆர் கத்துக்கோங்க ப்ரோ, ஒரு மாசம் உக்காந்தா முடிஞ்சு போச்சு. வெப் டூல்லாம் இன்னைக்கு இருக்கும், க்ராண்ட் முடிஞ்சா நாளைக்கு லிங்க் செத்துப் போகும்.

---

லாக்ரேஷியோ:

காபி சொல்றது முழுக்க தப்பில்ல, ஆனா கேள்வி அது இல்லயே. ஆர் தெரிஞ்சவன் கூட இந்த -0.45ல தடுமாறத்தான் செய்வான், ஏன்னா சிக்கல் சாஃப்ட்வேர்ல இல்ல, அந்த நம்பர்லயே இருக்கு.

தங்கச்சியா தம்பியான்னு தெரியல, பொதுவா செல்_தேடின்னே கூப்புடுறேன். செக் மீன்ங்கறது காப்பி எண்ணிக்கை கிடையாது. சாம்பிள்ல அந்த இடத்தோட சராசரி காப்பிய 2ஆல வகுத்து அதுக்கு லாக்2 எடுத்தது. ட்யூமர் செல்லு மட்டும் நூறு சதவீதம் இருந்தா ஒரு காப்பி போனா -1, ஒரு காப்பி கூடுனா 0.58, நாலு காப்பின்னா 1. ஆனா எந்த பயாப்ஸில நூறு சதவீதம் ட்யூமர் இருக்கு? ரத்தக் குழாய் செல்லு, மைக்ரோக்ளியா, நார்மல் மூளை செல்லு எல்லாம் கலந்துதான் வரும், பால்ல தண்ணி ஊத்துன கதை, எவ்ளோ ஊத்தியிருக்குன்னு தெரியாம பாலோட தரத்த சொல்ல முடியாது.

இப்ப உங்க -0.45 எடுத்துக்கங்க. 2ன் -0.45 அடுக்குன்னா 0.73, அதாவது சராசரி 1.46 காப்பி. இதுக்கு ரெண்டு விளக்கம் இருக்கு. ட்யூமர் செல்லு 54 சதவீதம் இருந்து ஒரு காப்பி மட்டும் போயிருந்தாலும் 1.46 வரும். ட்யூமர் செல்லு 27 சதவீதம் மட்டும் இருந்து ரெண்டு காப்பியும் போயிருந்தாலும் அதே 1.46தான் வரும். நம்பர் ஒண்ணு, கதை ரெண்டு. அதனால "எந்த நம்பர்ல கோடு போடணும்"ங்கற கேள்விக்கு எல்லா சாம்பிளுக்கும் பொருந்தற பதில் கெடையாது.

உங்க -1.3 சாம்பிள் சுலபம். அடிப்படை ரெண்டு காப்பின்னு வச்சா, ஒரு காப்பி மட்டும் போயிருந்தா எவ்ளோ சுத்தமான ட்யூமரா இருந்தாலும் -1க்கு கீழ எறங்காது. அப்ப -1.3ன்னா ரெண்டும் போயிருக்கு, ட்யூமர் 60 சதவீதம் பக்கம் இருக்கலாம். கவலப்படாம ஹோமோசைகஸ் (ரெண்டு காப்பியும் போச்சு)னு எழுதலாம்.

-0.45க்கு அந்த சாம்பிளுக்குள்ளயே ஒரு அளவுகோல் தேடணும். க்ளையோபிளாஸ்டோமான்னா அது ரெடியா இருக்கு: குரோமோசோம் 10. பெரும்பாலான ஐடிஹெச் வைல்ட்டைப் (ஐடிஹெச் ஜீன்ல ம்யூட்டேஷன் இல்லாத) க்ளையோபிளாஸ்டோமால 7 கூடும், 10 முழுசா ஒரு காப்பி போகும், அதுவும் ஆரம்பத்துலயே நடக்கறதால கிட்டத்தட்ட எல்லா ட்யூமர் செல்லுலயும் இருக்கும். ஐஜிவி வெப்ல அந்த சாம்பிளோட 10ஆவது குரோமோசோம் செக் மீன் பாருங்க. அது -0.42 மாதிரி இருந்தா ட்யூமர் பாதி, ஒரு காப்பி போனா இவ்ளோதான் எறங்கும், அப்ப 9பில (9ஆவது குரோமோசோமோட குட்டைக் கை, சிடிகேஎன்2ஏ இருக்கற இடம்) -0.45ங்கறதும் ஒரு காப்பிதான். அதுவே 10ல -0.2தான் இருக்குன்னா ட்யூமர் 26 சதவீதம், அப்ப ஒரு காப்பி போனா -0.2, உங்க -0.45 ரெண்டு காப்பி போன கதை. 7ஆவது குரோமோசோம வச்சு குறுக்க சரிபாக்கலாம், ஒரு காப்பி கூடியிருந்தா மொத கேஸ்ல 0.32 பக்கமும் ரெண்டாவது கேஸ்ல 0.18 பக்கமும் வரணும்.

இப்ப சிபயோபோர்ட்டல் டீப் டெலீஷனுக்கு வரேன். டிசிஜிஏ ஸ்டடிகள்ல டீப்புக்கு -2, ஷாலோவுக்கு -1, அப்பறம் 0, 1, 2ன்னு வர்ற எண்ணெல்லாம் செக் மீன் இல்ல, ஜிஸ்டிக்ங்கற ப்ரோக்ராம் குடுக்கறது. -1ங்கறதுக்கு ஒரு சின்ன கட் ஆஃப் இருக்கு, டீஃபால்ட் 0.1. -2ங்கறதுக்கு மட்டும் சாம்பிளுக்கு சாம்பிள் கோடு மாறும், அந்த சாம்பிள்ல முழு ஆர்ம் (குரோமோசோமோட ஒரு பக்கக் கை) லெவல்ல அதிகமா எறங்குனது எவ்ளோவோ அதுக்கும் கீழ போனாதான் -2. நான் மேல குரோமோசோம் 10 வச்சு சொன்ன அதே யோசனைதான், மெஷின் பண்ணுது. ஆனா அதுக்கு ஆர்ம் லாஸே இல்லாத சாம்பிள் குடுத்தா தடுமாறும், -2 எல்லாமே ஹோமோசைகஸ்னு அவங்களும் சத்தியம் பண்ணல, "இருக்கலாம்"னுதான் போட்டிருக்காங்க. பேப்பர்ல ஆளுங்க அந்த "லாம்" விட்டுட்டு எழுதறத பாத்தா பத்திக்கிட்டு வரும்.

ஜிஸ்டிக்க நீங்களே ஓட்டலாம், கோடிங் வேணாம். ஜீன்பேட்டர்ன்னு ஒரு வெப் சர்வர், ஃப்ரீயா அக்கவுண்ட் போட்டு ஜிஸ்டிக் 2.0 மாட்யூல எடுத்து, நாப்பதும் ஒட்டுன செக் ஃபைலும் சரியான ஜீனோம் வெர்ஷனும் குடுத்தா ஓடும். ஜீன் வாரியா -2ல இருந்து 2 வரைக்கும் டேபிள் வரும், எந்த இடம் குரூப் முழுக்க திரும்பத் திரும்ப அடி வாங்குதுன்னு பீக் படமும் வரும். நாப்பது சாம்பிள்ல பீக்க ரொம்ப நம்பாதீங்க, இஜிஎஃப்ஆர், 12ல சிடிகே4, 4ல பிடிஜிஎஃப்ஆர்ஏ, 9பில சிடிகேஎன்2ஏ இதெல்லாம் எட்டிப் பாத்தா பைப்லைன் உருப்படியா ஓடியிருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். ஐடிஹெச் ம்யூட்டன்ட் வைல்ட்டைப் ரெண்டையும் ஒண்ணா கலக்கி ஓட்டாதீங்க, ரெண்டும் வேற வேற வியாதி.

பார்சிலோனா க்ரூப் 2020ல விட்ட சிஎன்ஆப்னு ஒரு வெப் டூலும் பாருங்க. செக் ஃபைல் வாங்கிட்டு ட்யூமர் சதவீதம் தனியா தெரிஞ்சா அதையும் வாங்கி திருத்திட்டு, முழு குரோமோசோம் ஆர்ம் லெவல் மாற்றத்துக்கு ஒரு ஸ்கோர், குட்டி ஃபோகல் மாற்றத்துக்கு ஒரு ஸ்கோர், ரெண்டும் சேத்து ஒண்ணுன்னு தரும். சர்வைவல் கூட ஒப்பிட்டு பாக்க வசதி. கோடும் வெளில இருக்கு, சைட் செத்தாலும் காபி மாதிரி யாரையாவது புடிச்சு ஓட்டிக்கலாம்.

---

நுண்ணோக்கி:

நான் பேத்தாலஜி. மேல அண்ணன் சொன்ன கணக்கெல்லாம் ஆராய்ச்சிக்கு ஓகே, ஆனா கைட் க்ரேடுன்னு வாயெடுத்ததால குறுக்க வரேன். 2021 டபிள்யூஹெச்ஓ வகைப்பாட்டுல ஐடிஹெச் ம்யூட்டன்ட் ஆஸ்ட்ரோசைட்டோமால (ஒரு வகை க்ளையோமா) சிடிகேஎன்2ஏ அல்லது சிடிகேஎன்2பி ஹோமோசைகஸா போயிருந்தா, மைக்ரோஸ்கோப்புல நெக்ரோசிஸ் (செத்துப்போன திசு) இல்லாட்டியும் க்ரேடு 4. ஒரு காப்பி போனதுக்கு அந்த விதி கெடையாது. அதனால -0.45க்கு நீங்க எந்தப் பக்கம் சாயறீங்கங்கறது ஒரு பேஷண்டுக்கு ரேடியேஷன், கீமோ, வீட்ல சொல்ற வார்த்தை எல்லாத்தையும் மாத்தும். வெப் டூல் கலர பாத்து ரிப்போர்ட்ல ஏத்தக் கூடாது. பரஃபின் பிளாக் இருந்தா ஃபிஷ் (ஒளிர்ற ப்ரோப் வச்சு ஜீன எண்ற டெஸ்ட்) பண்ணச் சொல்லுங்க, ஃபிஷ்ல ஒவ்வொரு செல்லா எண்றதால நார்மல் செல் கலப்படம் பெரிய பிரச்சனை இல்ல. எம்டேப் இம்யூனோவும் (அந்த ப்ரோட்டீனுக்கு கறை போட்டு பாக்கறது) உதவும், அந்த ஜீன் சிடிகேஎன்2ஏக்கு பக்கத்து வீடு, பெரும்பாலும் ரெண்டும் சேந்தேதான் போகும், ட்யூமர் செல்லுல கறை இல்லாம பக்கத்து ரத்தக் குழாய்ல கறை இருந்தா பளிச்னு தெரிஞ்சுரும்.

லோ-பாஸ்னு சொன்னீங்க, பின் சைஸ் என்ன? சிடிகேஎன்2ஏ மொத்தமே முப்பதாயிரம் பேஸ்கூட வராது. நூறாயிரம் பேஸ் பின்னுன்னா சின்ன டெலீஷன் பக்கத்துல இருக்கறதோட கலந்து ஷாலோவா தெரியலாம், காணாமலே போகலாம்.

---

மஜ்ஜை_மணி:

நடுவுல பூந்து கேக்கறேன் மன்னிக்கவும். எங்ககிட்ட சிஎம்எல் (ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) சாம்பிள் இதே மாதிரி லோ-பாஸ் பண்ணது இருக்கு, ஐஜிவில 9ம் 22ம் ரெண்டுமே வெளுப்பா எந்த மாற்றமும் இல்லாம இருக்கு. பிலடெல்ஃபியா குரோமோசோம் இருக்கற பேஷண்டுதான், கேரியோடைப்ல (குரோமோசோம மைக்ரோஸ்கோப்புல பாக்கற டெஸ்ட்) வந்திருக்கு. டூல் தப்பா?

---

லாக்ரேஷியோ:

டூல் மேல தப்பில்ல மணி. 9க்கும் 22க்கும் நடுவுல துண்டு இடம் மாறுது, எண்ணிக்கை கூடவும் இல்ல குறையவும் இல்ல, காப்பி நம்பர் பாக்கற எதுலயும் அது தெரியாது. 1960ல நோவெல், ஹங்கர்ஃபோர்ட் ரெண்டு பேரும் பாக்கும்போது குட்டையா போன 22தான் தெரிஞ்சுது, மீதி துண்டு 9ல ஒட்டியிருக்குன்னு ஜேனட் ரௌலி 1973ல தான் கண்டுபுடிச்சாங்க. உங்களுக்கு வேண்டியது மிட்டெல்மன் டேட்டாபேஸ், வெப்ல ஃப்ரீயா தேடலாம், கேரியோடைப் கேஸ் கேஸா, எந்த ஃப்யூஷன் (ரெண்டு ஜீன் ஒட்டிக்கறது) எந்த கேன்சர்லன்னு தொகுத்து வச்சிருக்காங்க. உங்க சொந்த சாம்பிள்ல பாக்கணும்னா ப்ரேக்பாயிண்ட் தேடற வேற முறை, லோ-பாஸ்ல ரீட் ஆழம் பத்தாது.

இதோட தம்பி ஒண்ணும் உண்டு, ஒரு காப்பி போய் மீதி இருக்கறதே ரெண்டா ஆகிட்டா எண்ணிக்கை 2தான், கோடு நேரா போகும். ஐடிஹெச் ம்யூட்டன்ட் ஆஸ்ட்ரோசைட்டோமால 17பில டிபி53 ஜீன் இடத்துல இது சகஜம். செல்_தேடி, உங்க டேட்டால 17பி வெளுப்பா இருந்தா "டிபி53 பக்கம் ஒண்ணும் ஆகல"ன்னு எழுதிடாதீங்க.

---

செல்_தேடி:

எல்லாருக்கும் கோடி நன்றி, ஒரே நாள்ல இவ்ளோ வரும்னு நெனைக்கல. (லாக்ரேஷியோ அண்ணா, தங்கச்சிதான்.) ஃபைல் ஹெச்ஜி38னு ரிப்போர்ட் கடைசி பக்கத்துல சின்ன எழுத்துல இருந்துச்சு. பின் சைஸ் ஐம்பதாயிரம். ஐடி காலம் மாத்திட்டு ஐஜிவி வெப்ல நாப்பதும் ஏத்தி பாத்தேன், சூப்பரா வந்துச்சு, கைட் கூட வந்து நின்னு பாத்தாரு.

அந்த -0.45 சாம்பிள்ல குரோமோசோம் 10 முழுசும் -0.19, 7 முழுசும் 0.17. அப்ப அண்ணா சொன்ன ரெண்டாவது கதைதானே? ட்யூமர் கால்வாசி, 9பில ரெண்டும் போச்சு. பிளாக் இருக்கு, எம்டேப் போடச் சொல்லியாச்சு.

ஆனா இன்னொரு க்ரூப் இருக்கு, ஐடிஹெச்1 ம்யூட்டன்ட், அதுல 10 போகவே இல்ல, 7ம் சும்மா இருக்கு. இதுக்கு அளவுகோல் எங்க போறது? அதுல ஒண்ணுல 1பில பாதி தூரம் வரைக்கும் நீலமா இருக்கு, 19க்யூல (19ஓட நீளக் கை) ஒண்ணும் இல்ல. அது ஆலிகோவா (ஆலிகோடென்ட்ரோக்ளையோமா, இன்னொரு வகை க்ளையோமா)?

---

லாக்ரேஷியோ:

ஆமா, ரெண்டாவது கதைதான், 7ம் ஒத்துப் போகுது பாருங்க. எம்டேப் வர்ற வரைக்கும் "ஹோமோசைகஸ் ஆக இருக்க வாய்ப்பு அதிகம்"னு வச்சுக்கங்கம்மா.

ஐடிஹெச் ம்யூட்டன்ட்க்கு வேற வழி. ஆலிகோடென்ட்ரோக்ளையோமான்னா 1பியும் 19க்யூவும் முழு ஆர்ம் ஒரு காப்பி போயிருக்கும், அதையே அளவுகோலா வச்சுக்கலாம். ஆஸ்ட்ரோசைட்டோமான்னா அந்த ஐடிஹெச்1 ம்யூட்டேஷனே போதும், பேத்தாலஜில டார்கெட்டட் பேனல் (சில ஜீன மட்டும் ஆழமா படிக்கறது) பண்ணியிருந்தா எத்தன சதவீதம் ரீட்ல ஆர்132ஹெச்ங்கற அந்த ஐடிஹெச்1 ம்யூட்டேஷன் வந்துச்சுன்னு கேளுங்க. அது ஆரம்பத்துலயே வர்றது, ரெண்டு காப்பில ஒண்ணுல மட்டும் இருக்கும், அதனால 2ஆவது குரோமோசோம் சும்மா இருந்தா அந்த சதவீதத்த ரெண்டால பெருக்குனா ட்யூமர் அளவு. 20 சதவீதம்னா ட்யூமர் 40. ஒரே ஒரு எச்சரிக்கை, பேனலுக்கும் சீக்வென்சிங்குக்கும் ஒரே துண்டுல இருந்து டிஎன்ஏ எடுத்தாங்களான்னு பாத்துக்கங்க, வேற வேற துண்டுன்னா கலப்படமும் வேறதான்.

---

நுண்ணோக்கி:

1பி பாதின்னா ஆலிகோ இல்லம்மா. ஆலிகோல 1க்கும் 19க்கும் சென்ட்ரோமியர் பக்கத்துல ஒட்டிக்கிட்டு அந்த ஒட்டுன துண்டு போயிடறதால ரெண்டு ஆர்மும் முழுசா, சேந்துதான் போகும். நுனில இருந்து பாதி வரைக்கும் மட்டும் போறது ஆஸ்ட்ரோசைட்டோமா, க்ளையோபிளாஸ்டோமால கூட பாக்கலாம். ஃபிஷ் ப்ரோப் 1பி36ல, அதாவது நுனிலதான் உக்காரும், அதனால ஃபிஷ்ல 1பி லாஸ்னு பாசிட்டிவ் காட்டிரும். இந்த ஒரு விஷயத்துல ஃபிஷ்ஷ விட உங்க செக் ஃபைல்தான் மேல், முழு ஆர்மையும் காட்டுதுல்ல. அந்த பேஷண்டுக்கு ஏடிஆர்எக்ஸ் ப்ரோட்டீனோட இம்யூனோ ரிசல்ட் இருக்கான்னு பாருங்க, ட்யூமர் செல்லுல கறை இல்லாம போயிருந்தா ஆஸ்ட்ரோசைட்டோமா பக்கம்தான். 1ஆவது குரோமோசோம் முழுசா தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு போடுங்க, ஐடி தெரியாம.